சுழலும் வெப்பக் கமராவும் பொய் அலாரமும்: வன்னி வயலுக்கு எந்த வழி பொருந்தும்?

யானை வருவதை முன்கூட்டி அறிய வயலோரம் சுழலும் வெப்பக் கமரா (உடம்புச் சூட்டை இருட்டிலும் படமாக்கும் கமரா) நிறுத்தியவர்களும், கமக்காரர் அமைப்பு வழியாக ஒன்றை நிறுத்தலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: யானை வராத இரவிலும் சைரன் அடிக்கிறதே, இதை எப்படிக் குறைப்பது? கமரா விற்பவர் உணர்திறனைக் குறைக்கச் சொல்வார். கணினி படித்த பிள்ளை செயற்கை நுண்ணறிவு போடச் சொல்வார். இன்னொருவர் வேலியோரம் இரண்டாவது உணரி வைக்கச் சொல்வார். எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரிவரும். உங்கள் வயலில் எது சரிவரும் என்பதைப் பார்ப்போம்.

பொய் அலாரத்தைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது. ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் ஒருவர் காவல் கொட்டிலில் இருந்து எழும்பி, ரோர்ச்சும் யானை வெடியுமாக, புடையன் பாம்பு கிடக்கக்கூடிய வரம்பில் இருட்டில் நடக்கிறார். நாலைந்து இரவு வீணாக எழும்பினால் சைரனை நிற்பாட்டிவிடுவார்கள். நிற்பாட்டிய இரவில் யானை வந்தால் கமரா இருந்தும் இல்லாததுபோலத்தான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். நடுச்சாமத்தில் சைரன் கேட்டால் நெஞ்சு பதறும் ஆக்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை வீணாக எழுப்பக்கூடாது.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, உண்மையான யானை தவறிப்போகக்கூடாது. பொய் அலாரத்தைப் பூச்சியமாக்க எளிய வழி கமராவை நிற்பாட்டுவது, ஆகவே இந்த அளவுகோல் இல்லாமல் மற்றவற்றுக்குப் பொருள் இல்லை. இரண்டாவது, எச்சரிக்கை எவ்வளவு பிந்துகிறது என்பது. நடக்கும் யானை மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அரை நிமிடத்தில் 50 மீற்றர் கடந்துவிடும். மூன்றாவது, காசும் மின்சாரமும். நான்காவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பூட்டியவர் ஊருக்குப் போனபின் இதை யார் பார்ப்பது? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டிய ஏற்பாடு, கதிர் முற்றி யானை வாசனை பிடிக்கும் மாதத்தில் உதவாது.

கணக்குகளுக்கு ஒரு மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். 12 மீற்றர் உயரக் கம்பம், 640க்கு 480 பிக்சல் கமரா, 25 பாகை லென்ஸ். 15 இடங்களில் நின்று நின்று பார்த்து, 30 செக்கனில் ஒரு சுற்று முடிக்கிறது. உங்களுடையது வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதுவே.

முதலில் உங்கள் பொய் எந்த வகை என்று பாருங்கள்

சுழன்று பார்க்கும் அகச்சிவப்புக் கருவிகள் போர்க்கப்பல்களுக்காகவும் விமானங்களுக்காகவும் வளர்ந்தவை. கடலை ஒட்டித் தாழப் பறந்து வரும் ஏவுகணையைப் பிடிக்க நின்றவர்களை முகில் விளிம்பும் அலையில் மினுங்கிய வெயிலும் ஏமாற்றின. இங்கே ஏமாற்றுபவை வேறு என்றாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

ஒன்று, வந்து போகும் பொய். கமராவின் சொந்த இரைச்சல் (சூடான பொருள் இல்லாமலே படத்தில் புள்ளிகள் மினுங்குவது), லென்ஸில் விழுந்த மழைத்துளி, கிட்டப் பறந்த வௌவால். இது ஒரு சுற்றில் தோன்றும், அடுத்ததில் இராது.

இரண்டு, நின்று ஏமாற்றும் பொய். பகல் முழுக்க வெயில் குடித்த கற்பாறை பொழுதுபட்டுப் பல மணித்தியாலம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கொங்கிறீற் மதகு, ஆறிக்கொண்டிருக்கும் உழவு இயந்திரத்தின் எஞ்சின், புகைந்துகொண்டிருக்கும் வைக்கோல் எல்லாம் இந்த வகை.

மூன்று, நடமாடும் பொய். கட்டாக்காலி மாடு, எருமை, பன்றி, நாய், தண்ணி கட்டப் போகும் மனிதர். உண்மையிலேயே சூடாக, உண்மையிலேயே நடந்து வருபவை. தொல்லை கூடியது இதுதான்.

ஒரு கிழமைக்குக் காவல் கொட்டிலில் ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு அடித்தது, எந்தப் பக்கம், போய்ப் பார்த்தால் என்ன இருந்தது என்று எழுதினால் போதும். இதற்குச் செலவு ஒரு பேனைதான். இது இல்லாமல் கீழே உள்ள எந்த வழிக்கும் காசு போடவேண்டாம்.

வழி 1: உணர்திறனைக் குறைத்தல்

பின்னணியைவிட எவ்வளவு சூடாக இருந்தால் பொருட்படுத்துவது என்ற எல்லையை உயர்த்துவது. செலவே இல்லை, அதனால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான்.

இரைச்சலுக்கு எதிராக இது நன்றாகவே வேலை செய்யும். ஒரு சுற்றில் நம் மாதிரிக் கமரா 46 இலட்சம் புள்ளிகளைப் பார்க்கிறது. இரைச்சல் இயல்நிலைப் பரவலில் இருப்பதாக எடுத்தால், எல்லையைத் திட்ட விலகலின் (இரைச்சல் வழக்கமாக ஏறி இறங்கும் அளவின்) 4 மடங்கில் வைக்கும்போது சுற்றுக்குச் சுமார் 146 புள்ளிகள் பொய்யாகத் தாண்டும். 5 மடங்கில் வைத்தால் ஒன்று அல்லது இரண்டு. குறைவாகத் தெரிந்தாலும், 12 மணித்தியால இரவில் 1440 சுற்றுகள் இருக்கின்றன.

இதில் மறைந்திருக்கும் செலவு யானையின் தோலில் இருக்கிறது. யானையின் உடம்புச் சூடு வெளித்தோலில் அப்படியே தெரியாது. தடித்த தோல், மேலே காய்ந்த சேறு. குளத்தில் இறங்கி நனைந்து வந்த யானை பின்னணியோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போகும். பொழுதுபடும் நேரத்திலும் விடியற்காலையிலும் நிலமும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வரும் ஒரு இடைவெளி உண்டு. எல்லையை உயர்த்தினால் மங்கலான அந்த யானைதான் முதலில் தவறும். பட்டப்பகல் வெயிலைக் குடித்த பாறை அப்போதும் பளிச்சென்று தெரியும். பொய்யை வைத்துக்கொண்டு உண்மையை விடுகிற வேலை இது.

எல்லையை முழுப்படத்துக்கும் ஒன்றாக வைக்காமல், ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியோடும் சிதறலோடும் ஒப்பிடும் முறை இதைவிட எவ்வளவோ மேல். உங்கள் மென்பொருளில் அது இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் இந்தத் திருகைத் தொடாமல் அடுத்த வழிக்குப் போங்கள்.

வழி 2: நின்று பார்த்தல், மறுசுற்றில் உறுதிப்படுத்தல்

சில அமைப்புகளில் மோட்டார் நிற்காமல் சுழலும். பார்க்க நன்றாக இருக்கும், படம் கெட்டுவிடும். குளிரூட்டாத வெப்பக் கமராவின் புள்ளி ஒவ்வொன்றும் சூட்டை உணர்ந்து மாற ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எடுக்கும். செக்கனுக்கு 12 பாகை வேகத்தில் சுழன்றால் அந்த நேரத்துக்குள் காட்சி 3 பிக்சல் நகர்ந்துவிடும். செக்கனுக்கு 60 பாகை என்றால் 15 பிக்சல். 500 மீற்றரில் நிற்கும் யானையே 7 பிக்சல் உயரந்தான், அதை இப்படி இழுத்துப் பூசினால் மிஞ்சுவது ஒரு மங்கல் கோடு.

ஆகவே நின்று, பார்த்து, நகரும் முறைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் இது மென்பொருளில் ஒரு மாற்றந்தான். நின்ற ஒரு செக்கனில் 9 படங்கள் எடுத்துச் சராசரியாக்கினால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகும்.

அடுத்தது உறுதிப்படுத்தல். ஒரு திசையில் ஏதோ தெரிந்தவுடன் அடிக்காமல், மூன்று சுற்றில் இரண்டிலாவது தெரிந்தால் மட்டும் அடிப்பது. ஓர் இடத்தில் வந்து போகும் பொய் தெரியும் வாய்ப்பு சுற்றுக்கு இருபதில் ஒன்று என்றால், மூன்றில் இரண்டு விதியின் கீழ் அது ஏறத்தாழ 140இல் ஒன்றாகக் குறையும். சுற்றுக்கு 70 வீதம் தெரியும் யானை 78 வீதமாக உயரும். பொய்யும் குறைந்து உண்மையும் கூடுகிறது, கைக்காசு போகவில்லை. ஆனால் ஆசைப்பட்டு மூன்றில் மூன்றும் கேட்டால் அதே யானை 34 வீதத்துக்கு விழுந்துவிடும்.

இங்கே கொடுக்கும் விலை நேரம். உறுதிப்பட அதிகமாகப் போனால் ஒன்றரை நிமிடம், அதற்குள் யானை 150 மீற்றர் வந்துவிடும். காட்டுக்கும் வயலுக்கும் இடையில் 500, 600 மீற்றர் வெட்டை இருந்தால் பரவாயில்லை. காடு வரம்போடு முட்டிக்கொண்டு நிற்கும் துண்டுகளில், ஒட்டுசுட்டான் பக்கமும் நெடுங்கேணிப் பக்கமும் இப்படி நிறைய உண்டு, ஒன்றரை நிமிடம் மிகப் பெரிய நேரம். அங்கே முழுச்சுற்றுச் சுற்றாமல், காட்டுப் பக்கத்து ஐந்து ஆறு நிறுத்தங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்க வையுங்கள். சுற்று 12 செக்கனுக்கு இறங்கும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. நின்று ஏமாற்றும் பாறைக்கு இந்த வழி எதுவும் செய்யாது. மூன்று சுற்றிலும் அதே இடத்தில் இருப்பதால் பாறையை உறுதிப்படுத்தியே அடிக்கும்.

வழி 3: திசைக்கொரு பின்னணிப் படம்

பாறைக்கும் மதகுக்கும் மருந்து இது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழக்கமாக என்ன தெரியும் என்று ஒரு படத்தை நினைவில் வைத்து, புதிதாக வந்ததை மட்டும் கழித்து எடுப்பது. சுழலாத கமராவில் இது சுலபம். சுழலும் கமராவில் எல்லாமே பல்சக்கரத்தின் இறுக்கத்தில் தங்கியிருக்கிறது. பல்லில் 0.2 பாகை தளர்வு இருந்தால் படம் 5 பிக்சல் தள்ளி நிற்கும். அப்போது ஒவ்வொரு பாறையின் விளிம்பும் புதிதாக வந்த சூடுபோலத் தெரிந்து, இருந்த பொய்யை விடக் கூடிய பொய் வரும். இந்த வழியைப் போட்டுப் பார்த்து மோசமாகிவிட்டது என்று கைவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கழிக்கும் முன் இரண்டு படங்களையும் பனைமரம், கம்பம், கட்டட மூலை போன்ற அசையாத அடையாளங்களை வைத்துப் பொருத்திக்கொள்ளவேண்டும். மென்பொருள் எழுதுபவரிடம் இதை முதல் நாளே கேளுங்கள்.

இரண்டாவது சிக்கல் வன்னியின் பருவம். காலபோகத்துக்கு விதைத்த வயலில் தண்ணீர் நிற்கும், பிறகு பயிர் மூடும், பிறகு காயும், அரிவி வெட்டுக்குப் பின் வைக்கோல் குவியும். ஒவ்வொன்றும் வேறு வேறு வெப்பப் படம். ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் நனைந்து ஒரே சூடாகி, மாலையில் எடுத்த படம் செல்லாமல் போகும். ஆகவே பின்னணி தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அதில்தான் ஆபத்து. நெல்லில் வாய் வைத்த யானை ஒரே மூலையில் மணிக்கணக்காக நிற்கும். பின்னணி வேகமாகப் புதுப்பித்தால் கொஞ்ச நேரத்தில் யானையும் பின்னணியாகிவிடும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் புதுப்பித்தலை நிற்பாட்டி வைக்கும் விதி கட்டாயம் வேண்டும்.

வீடு, வீதி இருக்கும் பக்கத்தைக் கணக்கில் எடுக்காதபடி படத்தில் மறைத்துவிடுவதும் இந்த வழியின் கீழ் வரும். திசையை முழுதாக மறைக்காதீர்கள், யானைக்கு அது திறந்த படலை. அந்தத் திசையில் கூரையும் முற்றமும் இருக்கும் பகுதியை மட்டும் மறையுங்கள். குளிக்கிற வாய்க்கால் துறை படத்தில் விழுந்தால் அதையும் கேட்காமலே மறைத்துவிடுங்கள். பெண்கள் குளிக்கும் இடத்தைக் கமரா பார்க்கிறது என்று ஒரு பேச்சு எழும்பினால் ஊர் அந்தக் கம்பத்தை நிற்கவிடாது, அது நியாயமும்கூட.

வழி 4: தூரம் அறிந்து பருமன் அளத்தல்

கட்டாக்காலி மாட்டுக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது, ஆனால் மிகச் சிலரே செய்கிறார்கள்.

படத்தில் 7 பிக்சல் உயரமாக ஒரு சூடு தெரிகிறது. 500 மீற்றரில் நிற்கும் 2.5 மீற்றர் யானையும் அந்த அளவுதான், 250 மீற்றரில் நிற்கும் 1.3 மீற்றர் மாடும் ஏறத்தாழ அந்த அளவுதான். பிக்சலை மட்டும் எண்ணினால் பிரிக்கவே முடியாது. ஆனால் மாட்டின் கால் படத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 12 மீற்றர் உயரத்தில் இருந்து பார்க்கும்போது 500 மீற்றர்த் தூரத்து நிலம் தொடுவானக் கோட்டுக்கு 35 பிக்சல் கீழே வரும். 250 மீற்றர் என்றால் 70 பிக்சல் கீழே. கால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் தூரம் கிடைக்கும், தூரம் கிடைத்தால் உண்மை உயரம் கிடைக்கும். ஒன்றரை மீற்றருக்குக் குறைந்ததை விட்டுவிடலாம். யானைக் கன்று தனியாக வராது.

நிலம் தட்டையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள வயல்வெளிகளுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். குளக்கட்டின் மேல் நடப்பதைத் தூரத்தில் நடப்பதாக எடுத்துவிடும், அந்தப் பக்கத்துக்கு வேறு அட்டவணை போடவேண்டும்.

செலவு கம்பத்தில் வருகிறது. காற்றில் கம்பம் அரைப் பாகை சாய்ந்தால் படம் 13 பிக்சல் ஏறி இறங்கும். 500 மீற்றரில் நின்ற மாடு 800 மீற்றரில் நிற்பதாகக் கணக்காகி, 1.3 மீற்றர் உயரம் 2.1 மீற்றராகிவிடும். மாடு யானையாகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மட்டும் பொய் அலாரம் கூடுகிறது என்றால் மென்பொருளைத் திட்டாமல் கம்பத்தை ஆட்டிப் பாருங்கள். மூன்று பக்கமும் இழுகம்பி கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வழி 5: கற்றுக்கொண்டு இனங்காணும் மென்பொருள்

படத்தைப் பார்த்து இது யானை, இது எருமை என்று சொல்லும் நுண்ணறிவு. விற்பவர்கள் இதைத்தான் முன்வைக்கிறார்கள், கிட்டத்தில் இது அருமையாகவும் வேலை செய்யும். ஆனால் 7 பிக்சல் உயரப் புள்ளியில் தும்பிக்கையும் இல்லை, காதும் இல்லை. மனிதக் கண்ணுக்கே தெரியாத உருவத்தை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? 150 மீற்றரில் யானை 24 பிக்சல் உயரம் வரும், அங்கே உருவம் பேசும். தூரத்துக்கு வேண்டுமென்றால், ஒடுங்கிய லென்ஸ் போட்ட இரண்டாவது கமரா ஒன்று சந்தேகப்பட்ட திசைக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும். அதன் லென்ஸ் சாதாரணக் கண்ணாடி அல்ல, விலைகூடிய ஜெர்மானியம். விலை கேட்டால் அமைப்பின் தலைவர் யோசிப்பார்.

பயிற்சிப் படங்களும் சிக்கல். பகல் வெளிச்சப் படங்களிலோ வேறு நாட்டுப் புல்வெளிகளிலோ பழகிய மென்பொருளுக்குச் சேறு பூசிய யானையின் பின்புறம் இரவு வெப்பப் படத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாது. உங்கள் கம்பத்தில் இருந்தே ஒரு போகம் படம் சேர்த்து, கொப்பியில் எழுதியதை வைத்துப் பெயரிட்டுக் கொடுக்கவேண்டும்.

மின்சாரத்தையும் பாருங்கள். கமரா, மோட்டார், கணினிப் பலகை எல்லாமாக 25 வாற் இழுத்தால் இரவுக்கு 300 வாற் மணித்தியாலம். 12 வோல்ற், 100 அம்பியர் மணி பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் இரண்டு இரவு தாங்கும். மார்கழியில் மூன்று நாள் வானம் மூடினால் மூன்றாம் இரவு கமரா தூங்கிவிடும்.

வழி 6: இரண்டாவது உணரி

காட்டுக்கரையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றை இரண்டு கம்பங்களுக்கு இடையில் விட்டு, கமராவும் கதிரும் சேர்ந்து சொன்னால் மட்டும் அடிப்பது. பொய் நன்றாகக் குறையும். ஆனால் யானையைக் கமரா 80 வீதம், கதிர் 80 வீதம் பிடிக்கும் என்றால் இரண்டும் சேர்ந்து 64 வீதந்தான். யானை வழமையாக ஒரே கடவையால் வரும் இடத்தில் இது நல்லது. நீண்ட காட்டுக்கரைக்குக் கம்பமும் பற்றரியும் வாங்கியே காசு முடியும். கதிருக்குக் குறுக்கே வளரும் புல்லை வெட்ட ஆள் வேண்டும்.

ஒரே பார்வையில்

| வழி | எந்தப் பொய்க்கு | மறைந்த செலவு |
|---|---|---|
| உணர்திறன் குறைத்தல் | இரைச்சல் | நனைந்த யானை தவறும் |
| நின்று பார்த்து உறுதிப்படுத்தல் | வந்து போவது | ஒன்றரை நிமிடம் வரை பிந்தும் |
| பின்னணிப் படம் | நின்று ஏமாற்றுவது | தளர்ந்த பல்சக்கரம், பருவ மாற்றம் |
| தூரம், பருமன் | மாடு, பன்றி, நாய் | ஆடும் கம்பம், தட்டையற்ற நிலம் |
| இனங்காணும் மென்பொருள் | கிட்டத்து எருமை | மின்சாரம், உள்ளூர்ப் படங்கள் |
| இரண்டாவது உணரி | எல்லாம், கடவையில் மட்டும் | உண்மையும் குறையும், பராமரிப்பு |

யாருக்கு எது

குளத்தின் கீழ் பரந்த வயல், மாட்டுத் தொல்லை அதிகம் என்றால் வழி 2உம் வழி 4உம் சேர்த்துப் போடுங்கள். வன்னியின் பெரும்பாலான வயல்வெளிகளுக்கு நான் சொல்வது இந்தச் சோடிதான். பெரிய காசு இல்லை, பழுதானாலும் ஊரில் உள்ள ஒருவருக்கு விளங்கும்.

வவுனியாப் பக்கத்தைப்போலப் பாறை தலைகாட்டும் நிலம் என்றால் இந்தச் சோடிக்கு மேல் வழி 3ஐச் சேருங்கள். சேர்க்கும் முன் கமராவைக் கையால் இடமும் வலமும் அசைத்துப் பல்சக்கரத்தின் தளர்வைப் பாருங்கள். தளர்வு இருந்தால் முதலில் அதை மாற்றவேண்டும்.

காடு வரம்போடு ஒட்டிய சிறு துண்டு என்றால் முழுச்சுற்றுக் கமராவே தேவையில்லை. காட்டுப் பக்கத்தை மட்டும் பார்க்கும் குறுஞ்சுற்றும், யானை இறங்கும் கடவையில் ஒரு கதிரும் போதும். அங்கே இரண்டும் சேர்ந்து சொல்லும்வரை காத்திருக்க நேரமில்லை. ஒன்று சொன்னால் காவலாளின் போன் அதிரட்டும், இரண்டும் சொன்னால் சைரன் அடிக்கட்டும். எந்த வயலானாலும் இந்த இரண்டு படி ஒலி முறையைப் போடச் சொல்வேன். சந்தேகத்துக்கு ஒருவர் எழும்பினால் போதும், ஊரே எழும்பத் தேவையில்லை.

எருமைப் பட்டிகள் இரவில் வெளியே கிடக்கும் இடங்களில் மட்டும் வழி 5க்குக் காசு ஒதுக்குங்கள், ஏனெனில் எருமையின் உயரம் ஒன்றரை மீற்றர்க் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும், பருமன் கணக்கு அங்கே தடுமாறும். அதற்கு முன் பட்டிக்காரரோடு கதைத்துப் பாருங்கள். பட்டியைக் கம்பத்துக்குப் பின்பக்கம் அடைக்க அவர் சம்மதித்தால் அந்தச் செலவும் மிச்சம்.